குடை மாறிய வியாழக்கிழமை

கார்த்தஹேனா, லா சியெர்பே தெரு
13 ஜனவரி 1995, வெள்ளி

அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு,

இன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, காப்பி ஆறுவதற்குள், நான் ஒரு முடிவுக்கு வந்தேன். யாரிடமும் கலந்தாலோசிக்கவில்லை, கலந்தாலோசிக்க வேண்டியவர் கடலில் இருக்கிறார். சமையலறைக்கும் கொல்லைக்குமாக மூன்று முறை நடந்தேன். எதிர்த்தரப்பு வாதங்களையும் நானே எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், வருவது வரட்டும் என்று தீர்மானித்தேன். இனி நான் மஞ்சள் குடை பிடிக்கப்போவதில்லை. பச்சை.

ஒன்பது வருடங்கள் அந்த மஞ்சளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கப்பல் பயணிகளை இந்த ஊரின் மதில்களைச் சுற்றி நடத்தியிருக்கிறேன். ஒருவரையும் தொலைத்ததில்லை. நேற்று சக வழிகாட்டி யாதிராவும் ஒரு மஞ்சள் குடையோடு துறைமுகத்துக்கு வந்தாள். தற்செயல் என்கிறாள். எனக்குத் தற்செயலில் நம்பிக்கை கிடையாது என்பது உனக்குத் தெரியும். என் பயணிகள் மூன்று பேர் அவள் பின்னால் மரகதக் கடைக்குப் போய்விட்டார்கள். அவளுடைய ஜெர்மானியர் ஒருவர் என் பின்னால் வந்து, பழைய மதவிசாரணை மண்டபத்தில் நான் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது.

நேற்று உன் கப்பல் காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை இங்கே நின்றது. சான் ஃபெலிப்பே கோட்டை மேலிருந்து பார்த்தேன். நீ இறங்கவில்லை. பயணிகள் ஊர் சுற்றும் நாளில்தான் சலவை அதிகம், ஆயிரத்து இருநூறு விரிப்புகள் என்று நீ எழுதியதை மறக்கவில்லை. சந்தேகப்படவும் இல்லை. ஆனால் கப்பல் பெயரும் ‘சலவைப் பிரிவு’ என்ற எழுத்தும் பொறித்த சட்டையோடு இரண்டு ஹோண்டுராஸ்காரர்கள் பூங்காவில் தேங்காய் ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய விரிப்புகளை யார் துவைத்தார்கள் என்று எழுது.

முன்னறை காலியாகத்தான் இருக்கிறது. நகலெடுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் அரிஸ்தீதெஸ் மறுபடி வாடகைக்குக் கேட்டு வந்தார்.

“அந்த ரூம்ல யாரு இருக்கா அக்கா?”

“என் புருஷன்.”

“எங்க?”

“வர்றாரு. ஏப்ரல்ல ஒப்பந்தம் முடியுது. இங்கதான் இஸ்திரிக் கடை போடப்போறாரு.”

“மூணு வருஷமா வர்றாரு. ரொம்ப மெதுவா நடப்பாரோ?”

ஈஸ்டர் கழித்து வரச் சொன்னேன். நீ ஏப்ரலில் வருகிறாய் என்று ஒரு வரி எழுதினால், அவருக்குக் கதவைத் திறக்காமலே பதில் சொல்லிவிடுவேன். அந்த ஒரு வரியை மூன்று கடிதங்களாகக் கேட்கிறேன்.

தபால்காரர் ரெகுலோ மாறவேயில்லை. தெருமுனையில் நின்று முழுப்பெயரையும் கூவுகிறார். நான் வாசலுக்கு வந்து “இருக்கேன்!” என்று சொன்னால்தான் உன் கடிதத்தைக் கையில் தருகிறார். சட்டமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். கப்பலின் மேல்தளத்திலிருந்து நீ எப்போதாவது கரையைப் பார்த்தால், இனி பச்சையைத் தேடு.

உன்
நோயெமி


சான் ஹுவான் துறைமுகம்
20 ஜனவரி 1995

என் அன்பு நோயெமிக்கு,

இந்த முறை உன் கடிதம் எதுவும் வரவில்லை. கப்பல் சான் ஹுவானுக்கு வரும்போதுதான் எங்களுக்குத் தபால் தருகிறார்கள் என்பதால் இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். மனம் ஒரு நிலையில் இல்லை.

இங்கே எல்லாம் வழக்கம்போல. கேப்டனின் காலரில் தினம் ஒரு கறை. என்ன சாப்பிடுகிறார் என்று கறையை வைத்தே சொல்லிவிடுவேன். மாலை ஆறு மணிக்கு இஸ்திரி போட்ட துணிகளை அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் இப்போது என்னிடம்தான். பயணிகள் நல்லவர்கள்.

உன் முழங்காலை நினைத்து இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அந்தக் கோட்டைப் படிகளை இந்த வயதில் ஏறி இறங்க வேண்டுமா? வரும் 26ஆம் தேதி வியாழக்கிழமை ஒரு நாளாவது வீட்டில் இரு. காலை நீட்டி உட்கார். மரவள்ளிப் பணியாரம் செய்து சாப்பிடு. யாதிரா பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு நாள் மட்டும் ஓய்வெடுத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

ஏப்ரலைப் பற்றி நிதானமாக எழுதுகிறேன். மணி அடிக்கிறார்கள்.

என்றும் உன்னுடைய
எவாரிஸ்தோ


கார்த்தஹேனா
27 ஜனவரி 1995, வெள்ளி

அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கூவினார், இருக்கேன் என்றேன், தந்தார்.

முழங்காலைப் பற்றி. பத்தொன்பது வருடத் திருமணத்தில் என் முழங்காலை நீ விசாரித்தது இதுவே முதல் தடவை. என் முழங்கால்கள் இரண்டும் நலம். வலி உன் அக்காவுக்கு. ஒரு குறிப்பிட்ட வியாழக்கிழமையில் மட்டும் வலிக்கக்கூடிய முழங்காலைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசனை முடியாததால் வேலைக்குப் போனேன்.

நேற்று நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நீ ஏதாவது விளக்கம் தர முடியுமா என்று பார்.

காலை எட்டரைக்குக் கப்பலடியில் வரிசையாக நின்றோம். யாதிரா மஞ்சள், நான் பச்சை. கறுப்பு உடையில் ஒரு அம்மாள், ஐம்பத்தைந்து வயது இருக்கும், யாதிராவைப் பார்த்ததும் திரும்பி நேராக என்னிடம் வந்தார். கையில் வெள்ளைக் கார்னேஷன் பூங்கொத்து.

“உங்க குழுவுல இடம் இருக்கா?”

“இருக்கும்மா. ஆனா உங்க சீட்டுல அந்தக் குழு நம்பர் போட்டிருக்கே?”

“வேண்டாம். மஞ்சள் குடை மட்டும் வேண்டாம். கப்பல்ல ஒருத்தர் எச்சரிச்சிருக்காரு. அந்தம்மா வாயைத் திறந்தா பொய்யாம். தேதியெல்லாம் தப்பாம்.”

யாதிராவின் தேதிகள் மீது எனக்கும் வெகுநாளாகச் சந்தேகம் உண்டு. மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டேன். பெயர் ஒத்தீலியா. ஊர் சான் ஹுவானுக்கு அப்பால் போன்சே. மருந்துக்கடை வைத்திருந்தவரின் விதவை.

ஒரு மணி நேரத்தில் அவர் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன். வழிகாட்டி உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து பரிசோதகர்களைப் பயணி வேடத்தில் அனுப்புகிறார்கள் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. எனக்கு மார்ச்சில் உரிமம் புதுப்பிக்க வேண்டும். இந்த அம்மாள் படம் எடுக்கவில்லை. தொப்பி போடவில்லை. சுங்கச் சதுக்கத்தில் தேங்காய் மிட்டாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்கவேயில்லை. அப்படி ஒரு பயணியை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. நான் தேதி சொன்ன போதெல்லாம் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். நானும் ஒவ்வொரு தேதிக்கும் மாதத்தைச் சேர்த்துச் சொன்னேன்.

மரகதக் கடையில் குழுவுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. அப்போது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இந்த ஊர்ல சாதாரண ஜனங்களை எங்க புதைப்பாங்க?”

பட்டியலில் இல்லாத இடத்தைக் கேட்டு நம்மைச் சோதிப்பது பரிசோதகர்களின் வழக்கமாம். சிரித்த முகத்தோடு டாக்சி பிடித்து மாங்கா பகுதிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.

காவலர் ஃபெர்மினை உனக்கு நினைவிருக்கும். என் அம்மாவை அடக்கம் செய்தவர். அவர் பதிவேட்டைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “பேரு சொல்லுங்கம்மா” என்றார்.

“நோயெமி மர்ரூகோ தெ காசியானி. தொண்ணூத்தொண்ணுல தவறிட்டாங்க.”

என் சட்டையில் ‘மிமி’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஃபெர்மின் என்னைப் பார்த்தார். நான் ஃபெர்மினைப் பார்த்தேன். பயணி சொல்வதை ஒருபோதும் மறுக்காதே, அடுத்த இடத்துக்கு அழைத்துப் போ என்பது பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம். ஆனால் கல்லறைக்கு அடுத்த இடம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

“அந்தப் பேர்ல ஒரு அம்மா இருக்காங்க,” என்றார் ஃபெர்மின். “ஆனா இன்னும் இங்க வரல.”

“வரலையா?”

“இந்த ஊர்ல ஒருத்தர் செத்துட்டு எங்கிட்ட சொல்லாம இருக்க முடியாதும்மா. எதுக்கும் தேடிப் பாருங்க. மிமி கூட வருவா. அவளுக்கு எல்லாரையும் தெரியும்.”

நாற்பது நிமிடம் தேடினோம். நான் இடப்பக்கச் சுவர், அவர் வலப்பக்கச் சுவர். நல்ல வெயில், பச்சைக் குடை மஞ்சளைவிட நிழல் தருகிறது. என் கல்லறை கிடைக்கவில்லை. கடைசியில் என் பெரியப்பா பிளாசிதோ மர்ரூகோவின் மேல் பூக்களை வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். சோடா வாங்கிக் கொடுத்தேன். அவரே சொல்ல ஆரம்பித்தார்.

“அவரு கப்பல்ல சலவைப் பகுதியில இருக்காரு. என் வீட்டுக்காரரோட நினைவா வச்சிருக்கற சட்டையில இருந்த மைக் கறையை எடுத்துக் குடுத்தாரு. போன தடவை பயணம் வந்தப்ப அப்படித்தான் பழக்கம். ரொம்ப மென்மையான மனுஷன். சம்சாரம் காய்ச்சல்ல அவரு மடியிலேயே போயிட்டாங்களாம். அதிலேர்ந்து இந்த ஊர்ல கால் வைக்கறதில்லையாம், தாங்க முடியாதாம்.”

“அப்படியாம்மா?”

“கடைசியா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘எவா, நீ தனியா இருக்காதே’ன்னாங்களாம். ஏப்ரல்ல அவரு கப்பலை விட்டதும் போன்சேல கல்யாணம். மருந்துக்கடைக்குப் பக்கத்து அறை காலியா இருக்கு. இஸ்திரிக் கடை போடப்போறாரு. அதுக்கு முன்னாடி அந்தப் புண்ணியவதிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். அவருக்குத் தெரியாது. ஊர் பார்க்கப் போறேன்னுதான் சொன்னேன்.”

“அந்த அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் பரிசோதகர் அல்ல என்பது எனக்கு அப்போது உறுதியாயிற்று.

மூன்று மணிக்குக் குழுவைக் கப்பலடியில் சேர்த்தேன். இருபத்துநாலு பேர் போனார்கள், இருபத்துநாலு பேர் வந்தார்கள். விதிப்படி ஒவ்வொருவருக்கும் கருத்துச் சீட்டு கொடுத்தேன். மேல்பாதியில் பயணி எழுதித் தர வேண்டும். கீழ்பாதியில் நாங்கள் முழுப்பெயரையும் உரிம எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிக் கிழித்துப் பயணியிடம் கொடுக்க வேண்டும். செல்லப்பெயர் செல்லாது. ஒத்தீலியா அம்மாள் மேல்பாதியில் ‘மிகவும் கருணையுள்ள வழிகாட்டி’ என்று எழுதினார். நான் கீழ்பாதியை எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி நனைந்திருந்ததால் படிக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டார். அறைக்குப் போய்ப் படித்திருப்பார்.

என் வேண்டுகோள் இதுதான். உன் கப்பலின் சலவைப் பகுதியில் எவாரிஸ்தோ காசியானி என்ற பெயரில் இன்னொருவர் இருக்கிறார் போலிருக்கிறது. அவருடைய மனைவிக்கும் என் பெயர். விசாரித்து எழுது. ஆறு மணிக்கு நீ துணிகளோடு அறைகளுக்குப் போகும்போது கேட்டால் தெரியவரும்.

நோயெமி மர்ரூகோ தெ காசியானி
உரிம எண் 214


சான் ஹுவான் துறைமுகம்
3 பிப்ரவரி 1995

என் உயிரான நோயெமிக்கு,

13ஆம் தேதிக் கடிதமும் 27ஆம் தேதிக் கடிதமும் இன்று ஒன்றாகக் கையில் கிடைத்தன. முதலில் எந்தக் கடிதத்தைப் பிரித்திருக்க வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ ஊகித்தது சரி. இங்கே இன்னொரு எவாரிஸ்தோ காசியானி இருக்கிறான். எங்கள் பலெங்கே ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு காசியானி மேல்தான் விழ வேண்டும், உனக்குத் தெரியாததா. அவன் மனைவி பெயரும் நோயெமி என்பதை அறிந்து நானே வியந்தேன். பாவம், இறந்துவிட்டாள். அவன் சொன்னதைத்தான் எழுதுகிறேன்: 26ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு அவன் இஸ்திரி போட்ட ரவிக்கையோடு கதவைத் தட்டினானாம். அந்த அம்மாள் கதவைத் திறந்து, ஒரு சீட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, “இதைச் சத்தமா படி” என்றாராம். படித்தானாம். “இன்னொரு தடவை” என்றாராம். மூன்று தடவை படித்தானாம், உரிம எண்ணோடு. நடைவழியில் ஆட்கள் கூடிவிட்டார்களாம். இப்போது அவனை அறைகளுக்கு அனுப்புவதில்லை. கீழே கொதிகலன் பக்கம் போட்டுவிட்டார்கள். எங்கள் இருவரையுமே.

ஆனால் நோயெமி, எனக்கும் கேட்க ஒன்று உண்டு. ஒன்பது வருடம் பிடித்த மஞ்சள் குடையை ஒரே காலையில் மாற்ற ஒரு பெண்ணுக்கு என்ன காரணம் இருக்க முடியும்? யாதிரா ஒரு சாக்கு. பச்சை யாருடைய யோசனை? அந்த அரிஸ்தீதெஸ் எத்தனை தடவை வீட்டுப் பக்கம் வருகிறான்? கதவைத் திறக்காமலே பதில் சொல்வேன் என்கிறாய். அப்படியென்றால் இதுவரை திறந்துதானே பேசினாய்? எனக்குச் சொல்லாமல் குடையை மாற்றியவள் இன்னும் எதையெல்லாம் மாற்றியிருப்பாய் என்று நான் கேட்கவில்லை. நான் சந்தேகப்படுகிறவன் அல்ல.

நீ மூன்று கடிதங்களாகக் கேட்ட வரியை இதோ எழுதுகிறேன். ஏப்ரலில் நான் வீட்டுக்கு வருகிறேன். முன்னறை காலியாகத்தானே இருக்கிறது?

உன்னையே நம்பியிருக்கும்
எவாரிஸ்தோ


கார்த்தஹேனா
10 பிப்ரவரி 1995, வெள்ளி

எவாரிஸ்தோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில்.

பச்சை என் யோசனை. கடையில் சிவப்பும் இருந்தது.

நேற்று உன் கப்பல் வந்தது. நீ இறங்கவில்லை; கொதிகலன் என்று புரிந்துகொண்டேன். ஹோண்டுராஸ்காரர்கள் இறங்கினார்கள். ஐஸ் வண்டிப் பக்கம் அவர்களைப் பிடித்தேன்.

“தம்பி, உங்க சலவையில காசியானின்னு எத்தனை பேரு?”

“ஏன்க்கா, அந்த ஒருத்தனையே எங்களால தாங்க முடியல.”

“பொண்டாட்டி செத்துட்டாங்களாமே?”

“அது பயணிகளைப் பொறுத்ததுக்கா. போன வருஷம் குராசாவ் தீவு டீச்சரம்மாவுக்குச் சொன்னப்ப பிரசவத்துல போனாங்க.”

மற்றவன் அவன் விலாவில் இடித்தான். “அக்காவுக்கு ஒரு ஐஸ் குடுடா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.” ஐஸ் நன்றாக இருந்தது.

இன்னொரு கடிதமும் நேற்றே வந்தது, போன்சேயிலிருந்து. சின்னதுதான், முழுவதும் எழுதுகிறேன்: ‘மதிப்புக்குரிய அம்மா, நீங்கள் உயிரோடு இருப்பதில் மகிழ்ச்சி. என்னைத் திட்டாமல் சோடா வாங்கிக் கொடுத்ததை மறக்க மாட்டேன். பூக்கள் உங்கள் பெரியப்பாவிடமே இருக்கட்டும். நீங்கள் சொன்ன தேதிகளையெல்லாம் இங்கே நூலகத்தில் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. ஒத்தீலியா.’

இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஒத்தீலியா அம்மாள் வருவதற்கு முன் யாதிரா மஞ்சள் குடை பிடித்தது ஒரே ஒரு வியாழக்கிழமை. நீ அந்த அம்மாளை எச்சரித்தபோது என் 13ஆம் தேதிக் கடிதம் உனக்கு வந்திருக்கவில்லை; உனக்குத் தெரிந்த மஞ்சள் குடை என்னுடையது மட்டும்தான். நான் செத்துப்போனதாக நீ சொன்னதை கப்பல் வேலையின் ஒரு சிரமமாக எடுத்துக்கொள்ள முயன்றுகொண்டிருந்தேன். என் தேதிகள் தப்பு என்று ஏன் சொன்னாய்? ஒன்பது வருடத்தில் ஒரு தேதி? ஒன்றைச் சொல்.

மஞ்சள் குடையை ஃபெர்மினிடம் கொடுத்துவிட்டேன். கல்லறையில் நிழல் குறைவு.

முன்னறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். செவ்வாய்க்கிழமை நான்கு பேர் சேர்ந்து நகல் இயந்திரத்தை இறக்கினார்கள். சன்னல் கம்பி ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. முதல் நகல் வீட்டுக்காரிக்கு என்றார் அரிஸ்தீதெஸ். கைவசம் இருந்த காகிதம் நம் கல்யாணச் சான்றிதழ்தான். உரிமம் புதுப்பிக்க எடுத்து வைத்திருந்தேன். நகல் தெளிவாக வந்தது. அசல் உள்ளே சிக்கிக் கிழிந்துவிட்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றேன்.

ரெகுலோ இதையெல்லாம், நான் காய்ச்சலில் செத்த கதையோடு சேர்த்து, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சட்டப்படி நடக்கிறவர்; தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பெயரைக் கூவப் போனார்.

நோயெமி மர்ரூகோ


சான் ஹுவான் துறைமுகம்
17 பிப்ரவரி 1995

என் நோயெமி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான்கு தாள்களைக் கிழித்துவிட்டேன்.

இன்னொரு காசியானி இல்லை. அது உனக்குத் தெரியும். கடலில் மூன்று வருடம் இருந்தால் மனிதன் ஏதாவது ஒரு கதை சொல்லத்தான் வேண்டும். உயிரோடு இருக்கும் மனைவியைப் பற்றிச் சொன்னால் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. நீ செத்ததாக ஒரு தடவை சொன்னேன், காப்பி கொடுத்தார்கள். அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. நீ ஒவ்வொரு தடவை சாகும்போதும் நான் நிஜமாகவே அழுதிருக்கிறேன், இது சத்தியம். அழுதுகொண்டே நம் ஊரில் எப்படி இறங்குவது? உன் முகத்தைப் பார்த்தால் அடுத்த தடவை சொல்ல வராது என்று பயந்தேன்.

உன் தேதிகளில் தப்பே கிடையாது. உன்னிடமிருந்து அவர்களைத் தள்ளிவைக்க வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

என் ஒப்பந்தத்தை இந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். 23ஆம் தேதி வியாழக்கிழமை கார்த்தஹேனாவில் பெட்டியோடு இறங்குகிறேன். இந்த முறை நிச்சயம். முன்னறை வேண்டாம், கொல்லைப் பக்கம் ஒரு மேசை போட்டால் போதும், அங்கேயே இஸ்திரி போடுவேன். அரிஸ்தீதெஸைப் பற்றி எழுதியதை மறந்துவிடு.

ஒரே ஒரு உபகாரம். ஃபெர்மினிடமிருந்து அந்த மஞ்சள் குடையை ஒரு நாளுக்கு வாங்கிக்கொண்டு கப்பலடியில் நில். நான் படியில் வரும்போது அது தெரிந்தால் நேராக உன்னிடம் வந்துவிடுவேன். தெரியாவிட்டாலும் வருவேன். ஆனால் தெரிந்தால் வேகமாக நடப்பேன்.

வருகிறேன்.

உன்
எவா


[உறையின் மீது]

பெறுபவர்: திருமதி நோயெமி மர்ரூகோ தெ காசியானி, லா சியெர்பே தெரு, கார்த்தஹேனா

பட்டுவாடா முயற்சி: 22 பிப்ரவரி 1995. தெருவில் மூன்று முறை முழுப்பெயர் அழைக்கப்பட்டது. பதில் இல்லை.

முகவரி தவறு ☐
இடம் மாறினார் ☐
பெற மறுத்தார் ☐
காலமானார் ☑

அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது. — ரெகுலோ, தபால்காரர்